சில்வேன் வீட்டு ரோமானியன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, கூப்பிட்டுக் கையில் கொடுத்தது. நவம்பர் மாதம், கல்லறைத் திருநாள் முடிந்த வாரம். நான் அத்தி மரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தேன்.

"எழுத்தாளரே, இப்போ என்ன எழுதற?"

"ஒண்ணும் இல்ல."

"அதான் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே. எங்கிட்ட ஒரு கதை இருக்கு, வந்து எடுத்துக்கோ. ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

யாரிடமும் சொல்லக் கூடாததைப் போய் எழுதச் சொல்கிறோமே என்று சில்வேன் ரூமியூவுக்கு உறைக்கவில்லை. காரணம் இருக்கிறது. நான் எழுதுவது தமிழில். தென் பிரான்ஸில் இந்த ஆர்ல் நகரத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறேன். என் வண்டியில் ஏறி இறங்கியவர்களில் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. என்னிடம் சொல்வதும் கிணற்றில் போடுவதும் ஒன்றுதான் என்று கணக்குப் போட்டிருப்பான்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிப்போனான். சுவரில் ஒரு மாடம். மாடத்தில் ஒரு மண்டையோடு. அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு. "பழகிக்கோ, இவன் பேரு மார்க்குஸ்" என்றான். பிறகு கதையைச் சொன்னான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். [அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.]

2

தொடக்கத்துக்கே பத்து நாள் போனது. கிழித்துப் போட்டதில் மிஞ்சியவை:

'ரோமானியர் கட்டிய ஊர் ஆர்ல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே' [வேண்டாம். இது சுற்றுலாக் கையேடு.]

'இருட்டில் இரண்டு கண்குழிகள் சில்வேனையே' [வேண்டாம். பேய்க்கதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.]

'எங்கள் ஊரில் மண்ணைத் தோண்டாதவன் நிம்மதியாக இருப்பான்.' [இது இருக்கட்டும்.]

3

எங்கள் ஊரில் மண்ணைத் தோண்டாதவன் நிம்மதியாக இருப்பான். சில்வேன் தோண்டினான். அவனுடைய அப்பா ஃபெர்னான் இறந்து, வீடு அவன் கைக்கு வந்த முதல் ஜனவரி அது. பின்பக்க அறையைக் கோடையில் வருகிற பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவனும் மனைவி பத்ரிசியாவும் முடிவு செய்திருந்தார்கள். அறைக்குக் கழிப்பறை வேண்டும், கழிப்பறைக்குக் குழாய் வேண்டும், குழாய்க்குத் தரையை உடைக்க வேண்டும். உடைத்தான். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி எதிலோ இடித்தது.

"பத்ரிசியா, இங்க வா. கத்தாத."

"எலியா?"

"எலி இல்ல. ஆளு."

அவள் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"எந்தக் காலத்து ஆளு?"

"ரோமாக் காலம்தான். வேற எவன் இங்க வந்து படுக்கப் போறான்?"

"அப்போ நான் ஒண்ணும் பார்க்கல" என்று அவள் திரும்பிப் போய்விட்டாள்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊரில் யார் வீட்டு மண்ணுக்கடியிலும் யாராவது கிடப்பார்கள். தகவல் சொன்னால் தொல்லியல்காரர்கள் தூரிகையும் கரண்டியுமாக வந்து குந்திவிடுவார்கள். குளிர்பதன அறை கட்டத் தோண்டிய கறிக்கடைக்காரர் பதினான்கு மாதம் கடையைத் திறக்க முடியாமல் அல்லாடினார். அதனால் இங்கே தோண்டினவனைப் பார்த்து "ஏதாவது பார்த்தியா?" என்று கேட்டால் "ஒண்ணும் பார்க்கலையே" என்பான், கேட்டவனும் தலையாட்டிவிட்டுப் போவான். மறுநாள் சிமெண்ட் லாரி வரும்.]

மண்டையோட்டைக் கண்டதும் சில்வேனுக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். அடச்சே, எனக்குமா என்றுதான் நினைத்தான். சிமெண்ட்டை ஊற்றி மூடவும் வழியில்லை. குழாய் சரியாக அந்த இடத்தில்தான் போக வேண்டும். தலையையும் வழியில் இருந்த நாலைந்து எலும்புகளையும் எடுத்து ஒயின் பெட்டியில் வைக்கோல் பரப்பி வைத்தான். மீதி உடம்பு குழாய்க்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள்ளேயே நின்றுபோனது.

"மார்க்குஸ்னு பேர் வச்சிருக்கேன்" என்றான் இரவு உணவின்போது.

"ஆம்பளைன்னு எப்படித் தெரியும்?"

"ரோமானியன்னா மார்க்குஸ்தான்."

"ஆம்பளைக்குத் தலை இவ்வளவு சின்னதாவா இருக்கும்?"

"மூளை கம்மியா இருந்திருக்கும். உங்க அண்ணன் மாதிரி."

அந்தக் கோடையில் முதல் விருந்தாளிகளாகப் பெல்ஜியத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ரோமானிய அரங்கத்தையும் தேவாலயத்தையும் பார்த்துக் கால் வலித்து வந்தவர்களிடம், சில்வேன் ஆளுக்கொரு கோப்பை பஸ்திஸ் மது ஊற்றிக் கொடுத்து, "வெளிய பார்த்ததெல்லாம் கல்லு. நான் ஆளையே காட்டறேன்" என்றான். சுவரில் மாடம் கட்டி மார்க்குஸைக் குடியேற்றினான். கழுவவில்லை, கழுவினால் ரோமாக் காலம் போய்விடும் என்பது அவன் கொள்கை. படமெடுக்கக் கூடாது, வெளியே பேசக் கூடாது என்று விருந்தாளிகளிடம் சத்தியம் வாங்கிக்கொள்வான். மூன்று கோடையில் முப்பது நாற்பது பேர் மார்க்குஸுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தூங்கினார்கள்.

4

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. சில்வேன் வெறும் கோமாளியாக நிற்கிறான். வாசகருக்கு அவன்மேல் ஒரு பிடிப்பு வர வேண்டும். அதனால் தெருவுக்கே தெரிந்த ஒரு சோகத்தை எடுத்துச் சேர்த்தேன். [சேர்த்தேன் என்கிறேன். எவ்வளவு சாமர்த்தியசாலி பாருங்கள் நான்.]

சில்வேனின் அம்மா லிலியான் அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது வீட்டை விட்டுப் போனாள். 1979, கல்லறைத் திருநாள் விடுமுறை. அவன் நீம் நகரத்தில் அத்தை வீட்டில் இருந்தான். திரும்பி வந்தபோது அம்மா இல்லை. துலூஸ் நகரத்துக்காரன் ஒருவனோடு போய்விட்டாள், பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள் என்று அப்பா சொன்னார். அதற்கப்புறம் ஒரு கடிதம் இல்லை, ஒரு பிறந்தநாள் அட்டை இல்லை. வளர்ந்தபிறகும் அவன் தேடவில்லை. "விலாசம் அவளுக்குத் தெரியும். வீட்டை நாங்க மாத்தலையே" என்பான். அம்மா என்ற சொல்லை அவன் வாயால் நான் கேட்டதேயில்லை, 'அந்தப் பொம்பளை'தான்.

ஃபெர்னானைப் பற்றிப் பேசினால் மட்டும் அவன் குரல் இறங்கிவிடும். அப்பா கொத்தனார். மனைவி போன பிறகு குடிக்கவில்லை, இன்னொருத்தியைக் கூட்டிவரவில்லை, பையனை ஓர் அடி அடித்ததில்லை. காலையில் அவனுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். வயதான பிறகு பின்பக்க அறையில் நாற்காலி போட்டு வானொலி கேட்பார். அதில் எதையும் உடைக்கவோ மாற்றவோ விட்டதில்லை.

"மத்தவன்னா அழுதிருப்பான். எங்கப்பா அழுவல. அந்த மாசமே பின்பக்க ரூமுக்குத் தரை போட்டாரு. மூணு வாரம் அதே வேலை. அழுகைக்குப் பதிலா சிமெண்ட் போட்டாரு மனுஷன்."

காலையில் விருந்தாளிகள் போன பிறகு படுக்கை விரிப்பை மாற்றும்போது சில்வேன் மாடத்தைப் பார்த்துப் பேசுவானாம். அவனே வெட்கத்தோடு சொன்னான். "எல்லாரும் போயிடறாங்கடா மார்க்குஸ். நீயாவது இருந்த இடத்துல இருந்தியே."

[இந்த வரியை எழுதியதும் எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன். கதை முடிந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.]

5

இதுவரை உள்ளதைப் பொங்கலுக்கு முன்பே எழுதிவிட்டேன். அடைப்புக்குறிக்குள் பிறகு சேர்த்த ஒன்றிரண்டைத் தவிர ஒரு திருத்தமும் செய்யாமல் அப்படியே விட்டிருக்கிறேன், என் லட்சணம் தெரியட்டும் என்று.

ஒரு விவரம் குறைந்தது. ரோமானியர்களின் பற்கள் தேய்ந்திருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். கல்லில் அரைத்த மாவில் கல்தூள் கலந்திருக்குமாம். கதையில் அதைப் போட்டால் ஒரு நம்பகம் வரும். மார்க்குஸின் பல்லைப் பார்க்க வேண்டும் என்று போய் நின்றேன்.

"பல் வைத்தியம் படிக்கறியா?" என்று கேட்டபடி சில்வேன் மாடத்திலிருந்து எடுத்து, ஒரு பூசணிக்காயைத் தருகிற மாதிரி என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனான்.

கீழ்த்தாடையைக் கம்பியால் கட்டியிருந்தான். அதை விலக்கி, கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். பற்கள் தேயவில்லை. மேல்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் மண் அப்பியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். மண் உதிர்ந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில், ஓரம் சீராக, ஒரு அடைப்பு. பல் வைத்தியர் குடைந்து அடைத்த அடைப்பு. என் நாக்கு தானாகவே என் கடைவாய்ப் பல்லுக்குப் போனது. அங்கேயும் அதே உலோகம்தான் இருக்கிறது.

சின்னத் தலை. 1979. மூன்று வாரம் தரை. பின்பக்க அறை. நானே என் கையால், அழகாக இருக்கிறது என்று, அடுத்தடுத்து எழுதி வைத்திருந்த வரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தன.

"என்ன, சொத்தைப் பல்லா?" என்றது அடுப்படியிலிருந்து குரல்.

"இல்ல. நல்லா இருக்கு" என்றேன். தலையை மாடத்தில் வைத்தபோது எந்தப் பக்கம் முகம் இருக்க வேண்டும் என்று தெரியாமல் சற்று நேரம் நின்றேன்.

6

மறுநாள் மூன்று நிறுத்தங்களில் வண்டியை நிறுத்தாமல் போனேன். நாலாவதில் ஒரு கிழவர் கைத்தடியால் கண்ணாடியைத் தட்டித் திட்டினார். திட்டு வாங்கினது ஆறுதலாக இருந்தது.

கதையைக் காப்பாற்ற வேறு வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். கதையை என்கிறேன். காப்பாற்றப் பார்த்தது ஃபெர்னானை.

முடிவு அ: 1944இல், உலகப் போரின்போது, இந்தப் பேட்டையின்மேல் குண்டு விழுந்தது. செத்தவர்களில் சிலர் கிடைக்கவேயில்லை. மார்க்குஸ் அவர்களில் ஒருவர். அந்தக் காலத்திலும் பல்லை அடைத்திருக்கிறார்கள். [இந்த முடிவைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிட்டேன், தூங்கினேன்.]

முடிவு ஆ: துலூஸிலிருந்து எண்பது வயதில் லிலியான் பேருந்து ஏறி வருகிறாள். பச்சைக் கோட். என் வண்டியிலேயே ஏறி, [வெட்கமில்லாத வாக்கியம். பாதியில் விட்டேன்.]

முடிவு இ: யாரோ குழாய்க்கு அந்தப் பக்கம் தோண்டுகிறார்கள். ஒரு பச்சைப் பொத்தான் [முடியவில்லை.]

முடிவு அ நிற்க வேண்டுமானால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை போனேன். சில்வேன் ஆலிவ் கொட்டைகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பத்ரிசியா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா அந்த ரூமுக்குத் தரை போட்டப்போ பழைய தரை மேலயே போட்டாரா, தோண்டிட்டுப் போட்டாரா?"

"கதைக்கு இதெல்லாமா வேணும்?"

"விவரம் வேணும்."

"தோண்டினாரு. நான் நீம்லேர்ந்து வந்தப்போ முத்தத்துல மண்ணு என் உயரத்துக்குக் கெடந்துது. இடுப்பாழம் தோண்டினேன், ஈரம் ஏறுதுன்னாரு. மேல்பூச்சு பூசும்போது நான் கூடவே இருந்தேன். ஈரமா இருக்கும்போதே கையை வைன்னாரு, வச்சேன். அதோ பாரு."

தொலைக்காட்சிக்கு மேலே பலகையில் ஒரு சிமெண்ட் துண்டு. ஐந்து சின்ன விரல்கள். கீழே ஆணியால் கீறிய வருஷம். தரையை உடைத்தபோது அந்த ஒரு துண்டை மட்டும் சுற்றி வெட்டிப் பத்திரமாக எடுத்தானாம்.

"தோண்டினப்போ அவருக்கு எலும்பு கிலும்பு ஒண்ணும் கெடைக்கலையா?"

"கெடைச்சிருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பாரா? அதான் எழுத்தாளரே வேடிக்கை. அவரு இடுப்பாழம் தோண்டியும் கண்ணுல படல. நான் முழங்காலாழம் தோண்டினேன், வந்துட்டான் நம்மாளு. இதைக் கதையில போடு, நல்லா இருக்கும்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். தான் சொன்னது அவன் காதில் விழவில்லை. இடுப்பாழம் தோண்டி அள்ளிய குழியில் முழங்கால் ஆழத்தில் கிடப்பவர், தோண்டிய பிறகு வைக்கப்பட்டவராகத்தான் இருக்க முடியும். முடிவு அ அங்கேயே செத்தது. வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றிருந்தது. நிமிர்ந்தேன். பத்ரிசியா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துடு" என்றான் சில்வேன். "மார்க்குஸுக்கு வழியனுப்பு விருந்து. மக கைக்குழந்தையோட வர்றா, அந்த ரூம்லதான் தங்கப் போறா. இவ அவனை வெளிய அனுப்புன்னு ஒத்தைக்கால்ல நிக்கறா. மூணு வருஷம் கழிச்சுப் போய்த் தொல்லியல் ஆபீஸ்ல சொன்னா என்னைத்தான் உள்ள வைப்பான். திங்கக்கிழமை காலைல ரோன் ஆத்துல விட்டுடறேன். நீ உன் கதையைப் படி, எங்க பாஷையில சொல்லு. அதான் அவனுக்குப் பிரியாவிடை."

7

சனிக்கிழமை காலை முதல் நடையில், பாலத்துக்கு அந்தப் பக்க நிறுத்தத்தில் பத்ரிசியா ஏறினாள். எனக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டியில் வேறு யாரும் இல்லை.

"ஓட்டிக்கிட்டே கேளு" என்றாள். "நாளைக்குச் சிரிக்கிற மாதிரி மட்டும் படி."

பக்கக் கண்ணாடியில் அவள் முகம் பாதி தெரிந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு கேட்டேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"தலை சின்னதா இருக்குன்னு சொன்னேனே, அப்போ."

"மூணு வருஷமாவா?"

"சொல்லும்போது தெரியாது. சொல்லி முடிச்சதும் தெரிஞ்சிடுச்சு. அவன் எங்க அண்ணனைக் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தான். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்."

[இவளை நான் மூன்றாம் பகுதியில் எழுதியிருப்பதைத் திரும்பிப் பாருங்கள். நகைச்சுவைக்கு வைத்தேன். அந்த மேஜையில் என்ன நடந்தது என்று எழுதிய எனக்கே தெரிந்திருக்கவில்லை.]

"விளக்கு யார் வச்சதுன்னு நினைச்ச?" என்றாள். "அவனுக்கு விருந்தாளிங்க பார்க்கறதுக்குன்னு சொன்னேன். மாமியாருன்னு ஒருத்தியை நான் பார்த்ததே இல்ல. துலூஸ்ல சொகுசா இருக்கான்னு கல்யாணத்துலேர்ந்து நானும்தான் திட்டியிருக்கேன். வேற என்ன செய்யறது சொல்லு."

"இப்போ ஆத்துல போடச் சொல்றியே."

"பேத்தியை அந்த ரூம்ல படுக்க வைக்க என்னால முடியாது. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது." வெளியே பார்த்தாள். "அந்த ஆளு காய்ச்சிக் குடுத்த பாலைக் குடிச்சு வளர்ந்தவன் அவன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அப்பா கல்லறைக்குப் பூத்தொட்டி தூக்கிக்கிட்டுப் போறான். அதையும் புடுங்கிட்டா அவன்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்?"

"அம்மா தன்னை விட்டுட்டுப் போகலைன்னு தெரியுமே."

அவள் நிறுத்தப் பொத்தானை அழுத்தி, மருந்துக்கடை முனையில் இறங்கினாள். கதவு மூடுவதற்குள் திரும்பி, "நீ எழுதாம இருந்திருக்கலாம்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை.

8

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணி. பன்னிரண்டுக்குப் போக வேண்டும். காளைக்கறி வேகிற வாசனை வேலியைத் தாண்டி வருகிறது. சில்வேன் முற்றத்தில் ஒயின் பெட்டியைத் தட்டிச் சுத்தம் செய்கிறான், சீட்டியடிக்கிறான்.

கதை இங்கே முடிய வேண்டும். எனக்கு முடிக்கத் தெரியவில்லை. முடிக்கிற உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. பல்லைத் தேய்த்தவன் நான், கேள்வி கேட்டவன் நான். ஒரு கதைக்கு விவரம் தேடிப் போய் ஒருத்தியைக் கண்டுபிடித்தேன். இன்னும் அந்த அதிர்ச்சியிலிருந்து நான் வெளியே வரவில்லை.

வரி வரியாக அவன் பாஷையில் சொல்ல வேண்டும். நாலாம் பகுதிவரை தடையில்லை. கறிக்கடைக்காரர் இடத்தில் மேஜையைத் தட்டிச் சிரிப்பான். 'நீயாவது இருந்த இடத்துல இருந்தியே' என்ற இடத்தில் வெட்கப்பட்டுக் கோப்பைக்குள் பார்ப்பான். அதோடு காகிதத்தை மடித்தால் லிலியான் நாளைக் காலை ஆற்றில் போவாள். ஓடிப்போனவளாகவே, மகன் கையாலேயே, மார்க்குஸ் என்ற பெயரில். மேலே படித்தால் நாற்பத்தாறு வருஷமாகத் தன்னை வேண்டாம் என்று விட்டுப்போனவள் காலடியிலேயே இருந்தாள் என்று அவனுக்குத் தெரியும். யார் வைத்தது என்பதும் தெரியும். ஈரச் சிமெண்ட்டில் கையை வைக்கச் சொன்னது எதற்கு என்று இனி வாழ்நாள் முழுக்க யோசிப்பான்.

பத்ரிசியா சொல்வது நியாயம் என்று ஒரு மணி நேரம் தோன்றுகிறது. அடுத்த மணி நேரம் அந்தப் பல் தோன்றுகிறது. வலிக்கிறது என்று வைத்தியரிடம் போய் வாயைத் திறந்து உட்கார்ந்த ஒரு பெண் தோன்றுகிறாள். அவளுக்கு முப்பத்து நாலு வயது. அவளுக்காகப் பேச இந்த ஊரில் யாரும் இல்லை.

இந்தக் கதை அச்சில் உங்களுக்கு வந்து சேர்ந்தால், நான் எழுதினேன் என்பதுதான் அதற்குச் சாட்சி. படித்தேனா என்பதற்குச் சாட்சி இல்லை. அதை நான் சொல்லப் போவதுமில்லை. உண்மை தெரிந்தவர்கள் இவ்வளவு நாள் நாங்கள் இரண்டு பேர். இப்போது நீங்களும்.

என் இடத்தில் உட்காருங்கள். காகிதம் உங்கள் கையில். நாலாம் பகுதி முடிந்துவிட்டது. பத்ரிசியா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நிற்கிறாள். எதிரே ஐம்பத்து நாலு வயது ஆள், முழங்கையை மேஜையில் ஊன்றி, ஆலிவ் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உங்களைப் பார்க்கிறான்.

"அப்புறம்?" என்கிறான்.

சொல்லுங்கள்.